டிவிய விட்டுட்டு கீசர கழட்டிட்டு போன திருடன்: கோத்தகிரி பக்கம் ஒரு ரோட்டோட கேஸ்

திருட்டு போனது மொத்தம் ஏழு வீடு. எல்லாமே கோத்தகிரிக்கு வெளிய டீ தோட்டத்துக்கு நடுவுல போற ஒரே ரோட்டுல இருக்கற லீவு வீடுங்க. சொந்தக்காரங்க சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்னு இருக்காங்க, ஏப்ரல்ல வந்தா ஜூன்ல பூட்டிட்டு போயிடுவாங்க, நடுவுல தீபாவளிக்கோ பொங்கலுக்கோ யாராவது எட்டிப் பாத்தா உண்டு. 2025 ஏப்ரல் ஆரம்பத்துல சீசனுக்காக ஒவ்வொருத்தரா வந்து பாக்கறாங்க, முன்கதவு பூட்டு அப்படியே இருக்கு, பின்னாடி சமையக்கட்டு கதவுல தாழ்ப்பாள் மட்டும் நெம்பி எடுத்திருக்கு.

போனது என்னன்னு கேட்டா சிரிப்பு வரும். பாத்ரூம் கீசர், பித்தளை டேப்பு, சம்ப் மோட்டார், மோட்டார் ரூம்ல இருந்து மெயின் போர்டு வரைக்கும் இழுத்திருந்த செம்பு வயர், ரெண்டு வீட்ல இன்வெர்ட்டர் பேட்டரி. போகாதது 43 இன்ச் டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஒரு வீட்ல அலமாரி நிறைய நல்ல சரக்கு பாட்டில். பாட்டிலக் கூட தொடாத திருடன நான் இப்பதான் பாக்கறேன்னு வீட்டுக்காரர் ஒருத்தர் குரூப்ல போட்டிருந்தார், அவருக்கு அதுல லேசான சந்தோஷம் வேற.

நான் அந்தப் பக்கம் இன்வெர்ட்டர், கேமரா வேல பாக்கறவன். ஏழு வீட்ல மூணு வீட்ல நான் போட்ட கேமரா இருக்கு. மூணுலயும் ஒரு பதிவும் கெடையாது, ஏன்னா கெளம்பும்போது மெயின ஆஃப் பண்ணிட்டு போயிருக்காங்க, இடி விழும், ஷார்ட் ஆகும்னு பயம். பயத்துலயும் நியாயம் இருக்கு, ஆனா கேமராவுக்கு தனி லைன் இழுத்துக்கலாம்னு சொன்னா அது எதுக்கு எக்ஸ்ட்ரா செலவுன்னு கேட்டவங்க தான் எல்லாரும். போனது போச்சு, எப்படி நடந்துச்சுன்னு கொஞ்சம் தொகுத்து குடுங்க ஸ்டேஷன்ல கேக்கறாங்கன்னு குரூப்ல சொன்னதால உக்காந்து பாத்தது தான் இது.

ஒண்ணு சொல்லிடறேன், கோத்தகிரி திருட்டுன்னதும் எல்லாரும் 2017 ஏப்ரல் கொடநாடு கேஸத் தான் நெனப்பாங்க, அது வேற லெவல், இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

மொதல்ல யார சந்தேகப்பட்டாங்க

எங்க ஊர்ல பின்கதவு உடைஞ்சா முதல் குற்றவாளி கரடி. காமெடி இல்ல, நெஜமாவே கோத்தகிரி குன்னூர் பக்கம் எண்ணெய், நெய் வாசத்துக்கு கரடி வந்து கோயில் கதவு, சத்துணவு கூடம், பேக்கரின்னு உடைச்சிட்டு போகும். ஆனா கரடி வந்தா கதவுல நகக் கீறல் இருக்கும், சமையக்கட்டு அலங்கோலமா கெடக்கும், எண்ணெய் டின் காலியா இருக்கும். இங்க எண்ணெய் டின் அப்படியே இருக்கு. சரி கரடி இல்ல.

ரெண்டாவது சந்தேகம் வாட்ச்மேன் மேல. அந்த ரோட்டுல நாலு வீட்ட ஒரே ஆள் தான் பாத்துக்கறார், அறுபது தாண்டினவர், சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம். அந்த நாலுல மூணு வீட்ல திருட்டு. போதாதா? ரெண்டு வீட்டுக்காரங்க அன்னைக்கே சாவிய திருப்பி வாங்கிட்டாங்க. மூணாவது சந்தேகம் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்திருக்கற ஜார்கண்ட், அசாம் பசங்க மேல. இது எங்கயும் நடக்கறது தான், டவுன்ல ஒரு சைக்கிள் காணாம போனாக் கூட இப்பல்லாம் மொதல்ல அவங்க லைன் வீட்டத் தான் கை காட்டறாங்க.

எனக்கு ரெண்டுமே ஒட்டல. காரணம் இரக்கம்லாம் இல்ல, கணக்கு இடிச்சுது.

சிட்டில திருட்டு எப்படி விழுது

பெரிய ஊர் திருட்டப் பத்தி உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணவங்க சொல்ற முதல் விஷயம், திருட்டு ஊர் பூரா சமமா பரவி இருக்காது, சில இடத்துல மட்டும் குவியும். 1989ல அமெரிக்கால மினியாபொலிஸ் ஊர வச்சு ஷெர்மன்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் ஒரு ஆய்வு போட்டாங்க, போலீஸுக்கு ஒரு வருஷத்துல வந்த கால்ல பாதி, வெறும் 3 சதவீத இடத்துல இருந்து வந்திருக்கு. பின்னாடி வைஸ்பர்ட்னு ஒருத்தர் வேற வேற ஊர்ல தெருத்தெருவா எண்ணிப் பாத்தாலும் கிட்டத்தட்ட அதே மாதிரி தான் வருது, 4, 5 சதவீத தெருல பாதி குற்றம். ரெண்டாவது விஷயம் 1979ல கோஹன், ஃபெல்சன்னு ரெண்டு பேர் சொன்னது: திருட நெனைக்கற ஆள், திருட தோதான பொருள், பக்கத்துல கண்ணு வைக்க ஆள் இல்லாத நேரம், இந்த மூணும் ஒரே எடத்துல சேரணும். மூணுல ஒண்ணு விலகினாலும் திருட்டு நடக்காது. 2020 லாக்டவுன்ல திருட்டு எண்ணிக்கை எறங்குச்சே, அப்ப திருடங்கல்லாம் திருந்திட்டாங்களா என்ன, எல்லா வீட்லயும் ஆள் உக்காந்திருந்தாங்க, அவ்ளோ தான்.

சென்னைய எடுத்துக்கோங்க, செயின் பறிப்புன்னா காலைல கோலம் போடற நேரம், வாக்கிங் போற நேரம், தெருல ஆள் கம்மி, கழுத்துல தங்கம், பைக்ல வந்தா ரெண்டு நிமிஷத்துல மெயின் ரோடு. 2025 மார்ச் 25 நடந்தது ஞாபகம் இருக்கும், காலைல கொஞ்ச நேரத்துக்குள்ள அடுத்தடுத்து பல எடத்துல செயின அறுத்துட்டு நேரா ஏர்போர்ட் போயிட்டாங்க, அங்க வச்சு தான் ரெண்டு பேர பிடிச்சாங்க. அடுத்த மாசமே பவுன் 70,000 ரூபாய தாண்டுச்சு, ஏன் உயிரக் குடுத்து அறுக்கறாங்கன்னு வேற விளக்கம் வேணாம். வீடு உடைக்கறதுன்னா பொங்கல், தீபாவளி, மே மாசம், ஊர் காலியாகற நேரம், அதனால தான் வெளியூர் போறீங்கன்னா ஸ்டேஷன்ல சொல்லிட்டு போங்கன்னு வருஷா வருஷம் போலீஸ் சொல்லுது. 'மூன்றாவது கண்'னு சென்னை பூரா கேமரா போட்டப்புறம் பறிச்சிட்டு ஓடற வழிய பிடிக்கறது ஈஸியாச்சு.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கற 19 நகரத்த தனியா போடும், தமிழ்நாட்ல அதுல சென்னையும் கோயம்புத்தூரும் மட்டும் தான். அந்த டேபிள்ல திருட்டுல டெல்லி மத்த ஊரெல்லாம் ஒண்ணுமே இல்லங்கற மாதிரி உச்சில நிக்கும். டெல்லில திருடன் அதிகமா இருக்கலாம், ஆனா அங்க 2015ல இருந்தே வண்டி திருட்டுக்கு வீட்ல இருந்தே ஆன்லைன்ல எஃப்ஐஆர் போட்டுக்கலாம். புகார் குடுக்கறது ஈஸி ஆனா எண்ணிக்கை ஏறும். மத்த ஊர்ல போன் போச்சுன்னா புகார் வாங்கிக்கிட்டோம்னு குடுக்கற சிஎஸ்ஆர் ரசீது வாங்கறதுக்கே ரெண்டு தடவ நடக்கணும், பாதிப் பேர் விட்டுடுவாங்க. அதனால நம்பர பாத்து இந்த ஊர் மோசம் அந்த ஊர் தேவலன்னு சொல்றது வேஸ்ட், எங்க, எப்போ, எந்தப் பொருள் போகுதுன்னு பாக்கறது தான் உபயோகம்.

அந்த மூணு கேள்வியத் தான் எங்க ரோட்டுக்கும் போட்டுப் பாத்தேன்.

எந்தப் பொருள்

டிவிய ஏன் விட்டான்? ஏன்னா பழைய டிவிய யார் வாங்குவா. ரொனால்ட் கிளார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1999ல எழுதினது இது தான், திருடன் பொருள பாக்கும்போது மறைக்க முடியுமா, தூக்க முடியுமா, உடனே விக்க முடியுமான்னு பாப்பான். டிவி வெல வருஷா வருஷம் எறங்குது. செம்பு அப்படி இல்ல, 2024 மே மாசம் லண்டன் மார்க்கெட்ல டன்னு 11,000 டாலர தாண்டி ரெக்கார்டு போட்டுச்சு. பழைய மாடல் கீசர்ல உள்ள இருக்கற டேங்கே செம்பு, மோட்டார் காயில் செம்பு, டேப்பு பித்தளை, பேட்டரில ஈயம். இது எல்லாத்துக்கும் ஒரே வாசல், பழைய இரும்புக் கடை. அங்க எடை தான் பேசும், பில்லு கேக்க மாட்டாங்க, கேக்கறவங்க சிலர் இருக்காங்க, அவங்க கடைக்கு இந்த மாதிரி பொருள் போகாது.

இன்னொண்ணு, ஒரு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஆசிட்டோட சேத்து 50 கிலோவுக்கு மேல வரும். நான் தெனம் தூக்கறவன், சொல்றேன், அத சுமந்துக்கிட்டு டீ தோட்டத்துக்குள்ள யாரும் ஓட முடியாது. வண்டி வந்திருக்கணும். எஸ்டேட் லைன்ல இருக்கற பசங்க கிட்ட வண்டி ஏது?

எப்போ

இது தான் கஷ்டமான பகுதி. சிட்டில காலைல ஒன்பதுக்கு பூட்டி சாயங்காலம் ஆறுக்கு வந்தா அந்த ஒன்பது மணி நேரத்துக்குள்ள நடந்திருக்கும்னு தெரியும். இங்க கடைசியா பாத்தது ஜூன், தெரிஞ்சது ஏப்ரல், பத்து மாசம். இதுக்கு ஒரு வழி இருக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசியா நல்லா இருந்த நாள், முதல்ல கெட்டுப் போய் தெரிஞ்ச நாள் ரெண்டையும் கோடு போட்டு, எல்லா கோடும் எங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுதுன்னு பாக்கறது.

ஒரு வீட்டுக்காரர் தீபாவளிக்கு வந்து தங்கி குளிச்சிட்டு போயிருக்கார், அப்ப கீசர் இருந்திருக்கு. அது ஒரு கோடு. இன்னொரு வீட்ல மெயின ஆஃப் பண்ணாம வாசல்ல டைமர் வச்சு ஒரு செக்யூரிட்டி லைட் மட்டும் எரிய விட்டிருந்தாங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் வரைக்கும் ஃப்ரீ தானே, அதனால டிசம்பர் பில்லும் சைபர், பிப்ரவரி பில்லும் சைபர், அவர் ஒண்ணும் கவனிக்கல. யூனிட்ட எடுத்துப் பாருங்க சார்னு சொன்னேன், டிசம்பர் பாதில எடுத்த ரீடிங்ல 18 யூனிட், பிப்ரவரில எடுத்ததுல 5. ஒரு நாளைக்கு 0.3 யூனிட் எரிஞ்ச லைட்டு பதினாறு பதினேழு நாள் எரிஞ்சிட்டு நின்னிருக்கு. அதாவது வருஷக் கடைசி, இல்ல புது வருஷ ஆரம்பம். வயர அறுத்தது அப்ப தான்.

மூணாவது கோடு ஒரு அக்கா சொன்னது. பக்கத்து ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல இருந்து அந்த வழியா தெனம் தோட்டத்துக்கு போறவங்க. "மழையே இல்ல தம்பி, அந்த வீட்டுப் படில தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு, நாங்க பண்டிகை முடிஞ்சு வந்த அன்னைக்கு." எந்த பண்டிகைக்கா? ஹெத்தை ஹப்பா, படுகர் ஜனங்க ஹெத்தை அம்மனுக்கு எடுக்கற பண்டிகை. அவங்க வாட்ச்மேன் கிட்ட சொல்ல, அவர் வெளிய ஊத்து லைன் வால்வ மூடிட்டு ஓனருக்கு வாட்சப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கார்: "சார் உள்ள பைப்பு ஏதோ லீக்கு போல, வெளிய மூடிட்டேன், சாவி உங்க கிட்ட தான் இருக்கு." ஓனர் பதில், ஏப்ரல்ல பாத்துக்கலாம். மெசேஜ்ல தேதி இருக்கு, லைட்டு நின்ன அதே வாரம்.

இப்ப யோசிங்க. மார்கழி, உறைபனி, ஏழு மணிக்கு மேல ரோட்டுல ஆள் நடமாட்டம் இல்ல. சுத்தி இருக்கற ஹட்டி ஜனங்க எல்லாம் ஹெத்தை அம்மன் கோயில் இருக்கற பேரகணிக்கும் அவங்கவங்க கோயிலுக்கும் போயிருக்காங்க, கலெக்டர் லோக்கல் லீவே விடற பண்டிகை அது. புது வருஷ டூரிஸ்ட் கூட்டம் வேற, தெரியாத வண்டி ராத்திரி போனா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. சென்னைல பொங்கலுக்கு எப்படியோ அப்படி, ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அங்க வீட்டுக்காரன் ஊருக்குப் போனா கண்ணு போயிடும், இங்க வீட்டுக்காரன் வருஷம் பூரா இல்ல, தோட்டத்துக்கு நடந்து போற அக்காங்க தான் கண்ணு. அவங்க இல்லாத வாரத்த பாத்து வந்திருக்கான். லோக்கல் காலண்டர் தெரிஞ்ச ஆள்.

எங்க, எந்த வீடு

அந்த ரோட்டுல இருபது வீட்டுக்கு மேல இருக்கு. உடைஞ்சது ஏழு. மிச்ச வீட்ல தாழ்ப்பாள நெம்பிப் பாத்த தடயம் கூட கெடையாது. சிட்டில வீடு உடைக்கறவன் நாலு கதவ ஆட்டிப் பாப்பான், ஒண்ணு தொறக்கும். இவன் ஒரு கதவக் கூட வீணா தொடல. தப்பிச்ச வீட்ல எல்லாம் போய்ப் பாத்தேன், எல்லாமே சமீபத்துல பாத்ரூம் மாத்தினது, டேப்பு எல்லாம் பிளாஸ்டிக், கீசர் புது மாடல், உள்ள செம்பு கெடையாது. ஜன்னல் வழியா பாத்து இது தெரியாது. உள்ள போய் வேல பாத்தவனுக்குத் தான் தெரியும்.

அப்புறம் அந்த வால்வு. ஆறு வீட்ல டேப்ப கழட்டறதுக்கு முன்னாடி மாடில போய் டேங்க் கேட் வால்வ மூடியிருக்கான். வழக்கமா பித்தளைக்கு வர்றவன் சுத்தியால ஒரே அடி அடிச்சு பிச்சிட்டு போவான், தண்ணி ஓடினா அவனுக்கு என்ன. இவன் மூடியிருக்கான், பைப்ப சேக்கற யூனியன லூஸ் பண்ணி கழட்டியிருக்கான், பைப் ரெஞ்சு பட்ட பல் தடம் சுத்தமா ஒரே திசைல இருக்கு. ஏழாவது வீட்ல வால்வு துருப்பிடிச்சு சுத்தல, அங்க தான் படில தண்ணி ஓடுச்சு. திருட வந்த எடத்துலயும் கை பழக்கம் விடல. அவன் தொழில்காரன்.

வாட்ச்மேன் அண்ணன் கிட்ட இத சொன்னப்ப அவர் சந்தோஷப்படல. "நான் பூட்ட ஆட்டிப் பாத்துட்டு தான் தம்பி தெனம் போவேன், பின்னாடி சுத்தி வர்றதுக்கு முள்ளுவேலி போட்டு வச்சிருக்காங்க, நான் எப்படி போறது" அப்படின்னார். நெஜம் தான், வேலிக்குள்ள போகற சாவிய அவருக்கு யாருமே குடுக்கல.

ஸ்டேஷன்ல

எஸ்ஐ பொறுமையா கேட்டார், அத சொல்லணும். பழைய ஐபிசிக்கு பதிலா பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1ல இருந்து வந்துடுச்சே, ராத்திரி வீடு உடைச்சதுக்கும் வீட்டுக்குள்ள திருடினதுக்கும் முன்ன 457, 380ன்னு போட்டது இப்ப 331(4), 305ன்னு போட்டாங்க. ஒரு வீட்டுக்காரர் என் வீட்ல நாலு டேப்பு தானே, 5,000 ரூபாய்க்குள்ள தான் வரும், கேஸ் எடுக்க மாட்டீங்களாமேன்னு கேட்டார். பாதி சரி, புது சட்டத்துல 5,000க்கு கீழ இருக்கற சாதா திருட்டுன்னா போலீஸ் தானா கேஸ் எடுக்கற பிரிவுல வராது. ஆனா ராத்திரி கதவ உடைச்சு வீட்டுக்குள்ள வந்தா டேப்பு வெல என்னவா இருந்தாலும் அது வேற பிரிவு. இது தெரியாம நெறைய பேர் புகாரே குடுக்காம விட்டுடறாங்க.

அப்புறம் அவர் ஒரு ஐடியா பண்ணார், எனக்குத் தோணாதது. ஏழு ஓனரையும் கடைசி மூணு வருஷத்துல பிளம்பிங் வேலைக்கு யாருக்கு ஜிபே பண்ணீங்கன்னு எடுத்து அனுப்ப சொன்னார். ஏழுலயும் ஒரே காண்ட்ராக்டர் பேர் வந்துச்சு. காண்ட்ராக்டர் மேல தப்பு இல்ல, ஆனா அவர் கிட்ட வேல பாத்துட்டு சம்பளத் தகராறுல நின்னுட்ட ஒரு ஹெல்பர் இருந்தான், மலைக்காரன் தான், அவனோட சொந்தக்காரன் ஒருத்தன் காய்கறி ஓட்டற கூட்ஸ் ஆட்டோ வச்சிருந்தான். ராத்திரி கேரட், பீன்ஸ் லோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்கறது இங்க வழக்கமான காட்சி, சாக்குக்கு அடியில பேட்டரி இருந்தா யாருக்குத் தெரியும்.

எனக்கு இதுல உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், நடுவுல குஞ்சப்பனை செக்போஸ்ட். மேல ஏறற வண்டிக்கு இ-பாஸ் இருக்கா, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு குடைஞ்சு எடுக்கறாங்க, 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேற கட்டாயம். எறங்கற வண்டிய நான் பாத்த வரைக்கும் யாரும் நிறுத்தறதில்ல. திருடனுக்கு சென்னைல ஆயிரம் சந்து இருக்கு, எங்க மலைக்கு எறங்கற ரோடு விரல் விட்டு எண்ணிடலாம், அத ஒரு பலமாவே நாங்க வச்சுக்கல.

பிடிபட்டது கேமராவாலயோ செக்போஸ்டாலயோ இல்ல, ஒரு பில்லால. ஒரு வீட்டுக்காரர் அம்மா மோட்டார் வாங்கின பில்ல சீரியல் நம்பரோட பீரோல வச்சிருந்தாங்க. அடிவாரத்துல ஒரு பழைய இரும்புக் கடைல பிரிக்காம கெடந்த ரெண்டு மோட்டார்ல ஒண்ணோட தகடுல அதே நம்பர். கடைக்காரர் மேல 317, திருட்டுப் பொருள் வாங்கினதுக்கு. அந்த ஹெல்பரும் ஆட்டோ வச்சிருந்த சொந்தக்காரனும் ரிமாண்ட். செம்பு எல்லாம் என்னைக்கோ உருகிப் போச்சு, கெடைச்சது ரெண்டு மோட்டார், ஒரு பேட்டரி.

சாவி வாங்கின ரெண்டு வீட்டுக்காரங்கள்ல ஒருத்தர் வாட்ச்மேன் அண்ணனக் கூப்ட்டு திருப்பிக் குடுத்தார், வேலிக் கதவு சாவியும் சேத்து. இன்னொருத்தர் இன்னும் குடுக்கல, கேட்டா வேற ஆள் போட்டுட்டேன்னார். ஜார்கண்ட் பசங்கள மூணு தடவ ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போய் உக்கார வச்சாங்களே, அந்த நாள் கூலிய யாரும் பேசல.

கேமராக்கு தனி லைன் இப்ப அஞ்சு வீட்ல போட்டிருக்கேன், சின்ன பேட்டரி பேக்கப்போட. மீதி ஆளுங்க பித்தளைய எடுத்துட்டு பிளாஸ்டிக் டேப்புக்கு மாறிட்டாங்க, அதுவும் ஒரு தடுப்பு தான், தப்பு சொல்ல மாட்டேன். அந்த ரெண்டு மோட்டாரும் ஒரு பேட்டரியும் இன்னும் ஸ்டேஷன்ல தான் கெடக்கு. புது நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ் 497ல மனு போட்டு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல வாங்கிக்கலாம், ஆனா வக்கீல் ஃபீஸும் பெங்களூர்ல இருந்து வந்து போற செலவும் சேத்தா புது மோட்டாரே வாங்கிடலாம்னு ஓனர்ங்க கணக்கு போட்டு விட்டுட்டாங்க.